பொத்தான் மாற்றிய கோட்டு

பணிமனை ஆண்டு விழா நாடகத்தில் நடிக்க என் கணவரைக் கேட்டிருந்தார்கள். "என்னையும் சேர்த்துக்கிட்டாங்க" என்று வாசலிலேயே சொன்னார். அகதி வேஷம் என்பதைக் கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னார்.

அவருக்குப் பேருந்துகளின் பிரேக் சரிபார்க்கும் வேலை. பல வருஷமாக மதியச் சோற்றைத் தனியாகத் தின்றவர். அதிகம் பேசமாட்டார் என்பதால் அங்கே அவருக்கு மௌனசாமி என்று பெயர். ஆனால் அதில் என்னை அவரால் மிஞ்ச முடியாது. எங்கள் வீட்டில் சண்டை என்றால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வது. அதனால் அந்த "சேர்த்துக்கிட்டாங்க" எனக்குப் புரிந்தது.

மறுநாள் நாடகத்தை நடத்துகிறவர் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தார். டயர் பிரிவில் வேலை பார்ப்பவர், எல்லோருக்கும் டைரக்டர். பையைக் கவிழ்த்தார். கிழிந்த சட்டை, முழங்கால் பிய்ந்த கால்சட்டை, ஒரு சாக்கு.

"சட்டையை நானே கிழிச்சேன் தங்கச்சி. நல்ல சட்டை. என் பொண்டாட்டி இன்னும் திட்டுறதை நிறுத்தல."

"எதுக்குண்ணே கிழிச்சீங்க?"

"அகதின்னா அப்படித்தானே வருவாங்க? கையை நீட்டி 'சாப்பிட ஏதாவது குடுங்க'ன்னு கேக்கணும். மௌனசாமிக்குத்தான் அனுபவம் இருக்கே, நடிக்கவே வேண்டாம்."

கெட்ட மனிதர் இல்லை. எங்கள் குழாய் உடைந்தபோது மழையில் நனைந்துகொண்டே வந்து சரிசெய்து கொடுத்தவர். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அவர் போனதும் அலமாரியிலிருந்து கருநீலக் கோட்டை எடுத்துக் கட்டிலில் போட்டேன். எங்கள் கல்யாணத்துக்குத் தைத்தது. ஊரை விட்டுக் கிளம்பியபோது ஆளுக்கு ஒரு பைதான் என்றார்கள். பையில் கொள்ளாத நல்லதையெல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டோம். நான் உடுப்பின் மேல் உடுப்பாக மூன்று. அவர் இந்தக் கோட்டு. இங்கே வந்து முகாமில் போர்வைக்கு வரிசையில் நின்றபோது, அதைக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இவங்களைப் பார்த்தா அகதி மாதிரியா இருக்கு? விருந்துக்கு வந்த மாதிரில்ல இருக்காங்க."

எனக்கு உடம்பு கூசியது. போர்வையை வாங்கவும் கை நீளவில்லை. நல்ல துணி உடுத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கூச்சத்தோடு நெடுங்காலம் இருந்திருக்கிறேன். நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், வீடே இல்லாமல் பிறந்தவர்கள் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவே வருஷங்கள் ஆயின.

"கிழிசலைப் போட்டுக்கிட்டு மேடை ஏறினா, நான் பார்க்க வரமாட்டேன்" என்றேன்.

"ரெண்டு நிமிஷம்தானே. இப்பதான் முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க. வேணாம்னு சொன்னா மறுபடி கூப்பிடுவாங்களா?"

அதன் பிறகு விழா வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோட்டு இப்போது அவர் வயிற்றைச் சுற்றி வராது. பொத்தான்களை விளிம்புப் பக்கம் நகர்த்தித் தைத்தேன். இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டினேன். அவர் பார்த்தார். விழா அன்று பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

கோட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதைக் கையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மேடைக்குப் பின்னால் அவர் கிழிசலில் நின்றுகொண்டிருந்தார். டைரக்டர் அவர் கன்னத்தில் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார். நான் கோட்டை நீட்டினேன். என் கணவர் அதன் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன, புருஷனும் பொண்டாட்டியும் ஊமைப் படம் ஓட்டுறீங்களா? திரையைத் தூக்கப் போறாங்க" என்றார் டைரக்டர்.

என் கணவர் கிழிந்த சட்டையாலேயே முகத்தைத் துடைத்தார். "நாங்க இந்தக் கோட்டுலதாண்ணே வந்தோம்."

"யோவ், இதைப் பார்த்து ஜனங்க எப்படிய்யா அழும்?"

"அழ வேணாம்ணே. பார்த்தா போதும்."

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா என் சட்டையாவது தப்பிச்சிருக்கும்" என்று முனகினார். என் கணவர் தன் சொந்தத் துணிக்கு மாறிக் கோட்டை மாட்டியதும் காலரை டைரக்டரே இழுத்து நேராக்கினார்.

நான் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவர் மேடைக்கு வந்து நடுவில் நின்றார். கையை நீட்டவில்லை.

"வணக்கம். இங்க பிரேக் வேலை ஏதாவது இருக்குமா?"

அன்று அந்தப் போர்வை வரிசையில் நின்றுகொண்டு அவர் கேட்டதும் அதுதான். முன்னால் உட்கார்ந்திருந்த பிரேக் பிரிவு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். "இருக்கு, உள்ள வாய்யா" என்று ஒருவர் குரல் கொடுத்தார். நாடகத்தில் இல்லாத வசனம். என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

எனக்குப் பின்னால் ஒரு பெண் தன் கணவரிடம் கேட்டாள்: "இதுல அகதி யாருங்க? இவரு மாப்பிள்ளை மாதிரில்ல இருக்காரு."

அறியாதவர்களிடம் பேச எனக்கு வராது. ஆனாலும் திரும்பினேன்.

"மாப்பிள்ளைதாங்க. அது எங்க கல்யாணக் கோட்டு. அகதியும் அவர்தான்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொன்றும் சொன்னேன். "பொத்தானை மட்டும் நான் மாத்தி வச்சேன்."