கட்டாத தவணை

வட்டக்கச்சியில் அந்த மாசி மாதம் நெற்கதிர்ச் சூடு மிதிப்பு முடிகிற தறுவாயில் இருந்தது. கமலாசனி வெறும் சாக்குகளோடு வயல் வரம்பில் நின்றாள். பெண்கள் களத்துக்குள் கால் வைப்பதில்லை. அவளோடு வண்டில் கொண்டுவந்திருந்த அயல்வீட்டுத் தவராசா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தூற்றிய நெல் குவிந்து கிடந்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் களத்துச் சொந்தக்காரர் சின்னராசா கடகப் பெட்டியோடு குந்தியிருந்தார்.

"அண்ணை, தம்பிக்கு வருத்தம் கடுமை. கொழும்புக்குக் கொண்டு போக..." என்று கமலாசனி வரம்பில் நின்றபடியே தொடங்கினாள்.

தவராசா திரும்பி முறைத்தார். "பொலியடியிலை உந்தக் கதையோ? சும்மா நில் பிள்ளை."

அவளுக்கு நினைவு வந்தது. நெல் கிடக்கும் களத்தில் நோயையும் சாவையும் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் குவிந்த பொலி குறையும் என்பார்கள். தவராசா பிடரியைச் சொறிந்து கொஞ்சம் யோசித்தார்.

"எங்கடை கதிர்காமநாதன் கொழும்பிலை ஓடப்போறான். ஓட்டத்துக்குச் சேர்க்கிறம்" என்றார்.

சின்னராசா போன கிழமைதான் வீட்டுக்கு வந்து, கதிர்காமநாதனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முற்றத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர். ஆனாலும் அவர் முகம் மாறவில்லை.

"எத்தினை மைலாம்?"

"இந்தமுறை தூரம் கொஞ்சம் கூடத்தான்."

"அப்ப பெடியன் வழியிலை களைக்கப் போறான். இன்னும் ரெண்டு கடகம் அள்ளு."

அதற்குப் பிறகு எந்தக் களத்திலும் அவர்கள் வேறு பேச்சு எடுக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எல்லோரும் ஓட்டத்துக்கு என்றே அளந்து கொட்டினார்கள். "முதலாவதா வந்தால் எனக்கு ஒரு போத்தல் கள்ளு, சொல்லிவிடு" என்றான் ஒருவன். "போன வரியம் மாதிரி என்ரை நாய் துரத்தினால்தான் ஓடுவானோ?" என்று கேட்டான் இன்னொருவன். கமலாசனி வரம்பில் நின்று சிரித்தாள். மூன்றாம் நாள் மாலையில் வண்டில் நிறைய மூடைகளோடு திரும்பும்போது, தம்பி உண்மையாகவே எங்கோ தொலைவில் ஒரு நகரத்து வீதியில், கோட்டுப் போட்ட சனங்களுக்கு நடுவே, ஓடத்தான் போகிறான் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

கதிர்காமநாதனுக்கு இருபத்தொரு வயது. நீர்ப்பாசனப் பகுதியில் நாட்கூலி. விடியற்காலையில் வாய்க்கால் அணைக்கட்டில் வெறுங்காலோடு ஓடுவான். மாவட்ட மரதன் ஓட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்தவன். ஐப்பசியில் இடது முழங்கால் வீங்கியபோது சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவினார்கள். மார்கழியில் கொழும்பு டொக்டர்மார் எலும்பில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய் என்றார்கள். காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்கவேண்டும், பிறகு மாதக்கணக்கில் கதிர்வீச்சுக் கரண்ட் பிடிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. ஆனால் போக்குவரத்துக்கும், கூட நிற்பவருக்கு வாடகை அறைக்கும், வெளியில் வாங்கும் ஊசி மருந்துக்கும், கடைசியில் ஒரு மரக்காலுக்கும் வேண்டும். அதற்குத்தான் இந்த நெல்.

கூட்டுறவுச் சங்கத்தில் நெல்லை விற்ற காசைத் தவராசா கொண்டுவந்து கொடுத்த அன்று, கதிர்காமநாதன் கமலாசனியைக் கூப்பிட்டான். தகப்பன் அப்புத்துரை வயலில் நின்றார். தாய் குடியேறி வந்த இரண்டாம் வருடமே காய்ச்சலில் போய்விட்டாள்.

"அக்கா, ஓட்டத்துக்கு நல்லாச் சேர்ந்ததோ?"

"ஐநூறுக்கு மேலை."

"அதிலை எழுபத்தொரு ரூபாய் எடு. இன்சூரன்ஸ் தவணை தையிலை கட்டியிருக்க வேணும். முப்பது நாள் பொறுப்பினம். வாற வெள்ளி கடைசி. மஹ்றூப் நானா சங்கத்தடிக்கு வருவார். அவரிட்டைக் குடு."

மஹ்றூப் வவுனியாப் பக்கத்து இன்சூரன்ஸ் ஏஜண்ட். ஒரு மரதன் ஓட்டத்தில் கதிர்காமநாதனைப் பார்த்துவிட்டு, பரிசளிப்பு முடியும் வரை காத்திருந்து, மூவாயிரம் ரூபாய் பொலிசியில் கையெழுத்து வாங்கியவர். பரிசோதித்த டொக்டர் இவன் குதிரை என்று சொன்னதை வருகிறபோதெல்லாம் சொல்லுவார்.

"சனம் அதைத் தந்தது உன்னைச் சுகப்படுத்த" என்றாள் கமலாசனி.

"ஓம். சுகம் வராட்டில்? இந்தத் தவணை தவறினால் பொலிசி செத்துப்போகும். மூவாயிரம், அக்கா. உனக்கு ஒரு கலியாணம் செய்து வைக்க ஐயாவிட்டை வேறை என்ன கிடக்கு? காணியும் அரசாங்கத்தின்ரை."

"உன்னை வித்து நான் தாலி கட்டிக்கொள்ளவோ?"

"விக்கிறதுக்கு என்னட்டை வேறை சாமான் இல்லை" என்று சொல்லி அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எனக்குப் பயமாயிருக்கு. அந்தக் காசு கட்டினது எண்டால் கால் வெட்ட நிம்மதியாப் படுப்பன்" என்றான்.

வெள்ளிக்கிழமை கமலாசனி எழுபத்தொரு ரூபாயைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சங்கத்தடிக்குப் போனாள். வழி நெடுகிலும் அந்த முடிச்சு தொடையில் தட்டிக்கொண்டு வந்தது. கட்டுவதுதான் புத்தி என்று அவளுக்குத் தெரியும். கட்டினால், அவன் சாவான் என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

மஹ்றூப் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி! கேள்விப்பட்டன். தம்பி கொழும்பிலை ஓடப்போறாராம். வாற வழியிலை ஒரு களத்திலை தண்ணி கேட்டு நிண்டனான். அங்கை இதுதான் கதை. பெரிய ஓட்டமாம். எப்ப?"

மஹ்றூப் வெளியூர்க்காரர். களத்துப் பேச்சை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். மூன்று நாளாக ஊரே அந்தச் சொல்லைச் சொன்னது. ஒருவராவது நம்பிச் சொல்லவில்லை. இவர் நம்பினார். இவர் கண்ணில் தம்பி இரண்டு காலோடும் கொழும்பு வீதியில் ஓடிக்கொண்டிருந்தான். உலகத்தில் அப்படிப் பார்க்க மிஞ்சியிருந்த ஒரே மனிதர் அவர்தான் என்று பட்டது.

"பங்குனியிலை" என்றாள்.

"நான் பந்தயம் பிடிப்பன், அவர்தான் வெல்லுவார். சரி, தவணை கொண்டு வந்தியளோ? இண்டைக்குத்தான் கடைசி."

அவளுடைய கை தலைப்பைப் பற்றியது.

"இல்லை நானா. பயணச் செலவு. இப்ப கையிலை காசில்லை."

மஹ்றூப் தலையைச் சாய்த்து யோசித்தார். வேறு யாருடைய பொலிசியாக இருந்தாலும் வீடு வரை வந்து, கடன் வாங்கியாவது கட்டவைத்திருப்பார்.

"என்னட்டையும் இண்டைக்குப் பாத்து ஒண்டும் இல்லை. பரவாயில்லை. பொலிசி நிண்டாலும், 'ஆள் நல்ல சுகம்' எண்டு டொக்டரிட்டை ஒரு கடிதம் எடுத்துக் குடுத்தால் திரும்பவும் ஓடும். ஓடுற பிள்ளைக்கு அது என்ன பெரிய வேலையோ? சும்மா ஒரு கையெழுத்து. வெண்டு வரட்டும், நானே கூட்டிக்கொண்டு போறன்."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். வளைவு வரைக்கும் நேரம் இருந்தது.

"குடுத்தாச்சோ?" என்றான் கதிர்காமநாதன்.

"குடுத்திட்டன்."

"பற்றுச்சீட்டு?"

"தபாலிலை வருமாம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அன்று வலி மருந்து கேட்காமலே நித்திரையானான்.

பங்குனியில் காலை எடுத்தார்கள். நான்கு மாதம் அவள் கொழும்பில் ஓர் இருட்டு அறையில் சமைத்து, பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனாள். எழுபத்தொரு ரூபாயும் அந்த அறை வாடகையில் கரைந்தது. ஆடியில் திரும்பி வந்தார்கள். மரக்காலுக்கு அளவெடுக்க மறுபடி வரச்சொல்லியிருந்தார்கள். ஆவணியில் இருமல் தொடங்கியது. கிளிநொச்சி டொக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்புத்துரையை மட்டும் வெளியே கூப்பிட்டார். மரக்கால் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

புரட்டாதியில் ஒரு பகல், படலையில் சைக்கிள் மணி கேட்டது. மஹ்றூப் உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்தவனைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"வாங்கோ நானா, கதிரையிலை இருங்கோ" என்றான் கதிர்காமநாதன். மூச்சு வாங்கியது. "தவராசா அண்ணையிட்டைச் சொல்லி நான்தான் போஸ்ட்காட் போடுவிச்சனான். நான் போனாப் பிறகு அக்கா எந்தக் கடதாசியளைக் கொண்டுவர வேணும்? ஐயாவுக்கு இங்கிலிசு தெரியாது. இப்பவே சொல்லிவைச்சால் நல்லம்."

மஹ்றூப் கதிரை நுனியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பினார். கமலாசனியைப் பார்த்தார். அவள் குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் ஓடப்போறியள் எண்டல்லோ..." என்று தொடங்கினார். "எல்லாரும் அப்பிடித்தானே சொன்னாங்கள், தம்பி."

கதிர்காமநாதன் அவரைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பித் தமக்கையைப் பார்த்தான். நேரம் எடுத்துப் பார்த்தான்.

"கட்டேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"கட்டினால் நீ போயிடுவாய் எண்டு பயந்தனான்."

அவன் இருமினான். இருமல் அடங்கும் வரை மற்ற இருவரும் காத்திருந்தார்கள்.

"கட்டாமலும் போறன்தானே, அக்கா" என்றான்.

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். மஹ்றூப் எழுந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று கதிர்காமநாதன் சொன்னான். அவர் அதை நின்றபடி குடித்தார். கோப்பையைத் தானே கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தபோது, "உண்மையை ஒரு சொல்லு சொல்லியிருந்தால் உடுத்திருக்கிற சாரத்தை வித்தெண்டாலும் கட்டியிருப்பனே, தங்கச்சி" என்று மெல்லச் சொன்னார். பதிலுக்கு நிற்கவில்லை.

சைக்கிள் போன பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வா."

அவள் கட்டிலருகே நிலத்தில் இருந்தாள்.

"எழுது. உனக்கு எண்டு விட்டுப்போக சைக்கிள் இருக்கு. தவராசா அண்ணையிட்டை விக்கச் சொல்லு, எண்பதுக்குக் குறைச்சு வேண்டாம். வேலையிலை பதினொரு நாள் சம்பளம் நிக்குது, ஐயா போய்க் கேக்க வேணும். ஓட்டத்திலை வாங்கின கப்பு மூண்டும் வெள்ளியில்லை, நான் ஒருக்காக் கேட்டுப் பாத்தனான். அதை எழுதாதை."

அவள் எழுதினாள்.

"வேறை..."

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான். கமலாசனி பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தாள். வெளியே அப்புத்துரை மாட்டை அதட்டுவது கேட்டது. வெகு நேரமாகியும் அவனுக்கு வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.