ஒத்துழைக்காதவர்கள்

என் பெயர் இந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘கடைசித் தேதி’ என்றால் எல்லோருக்கும் தெரியும். நான் தாழ்வாரத்தில் நடந்து வந்தாலே, எதையோ அனுப்ப மறந்துவிட்டோம் என்று ஆய்வாளர்கள் மேசையைத் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள். உடல் பருமன், ஊட்டச்சத்து என்று ஆராய்கிற முப்பது பேருக்கு, யார் எங்கே ஆய்வு நிதியும் ஃபெலோஷிப்பும் தருகிறார்கள் என்று தேடிப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. இருபது வருடமாகச் செய்கிறேன். பிடித்துத்தான் செய்கிறேன்.

பருமனுக்கு நிதி தேடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ‘பருமன்’ என்று போட்டுத் தேடினால் நாலு அறிவிப்பு வரும். அதில் மூன்று போன வருடமே முடிந்திருக்கும். சர்க்கரை நோய், இதயம், கர்ப்பகால உணவு என்று வேறு வேறு வாசல்களில் போய்த் தட்ட வேண்டும். ஏதாவது கிடைத்தாலும் ஒன்றில் வயது இடிக்கும், இன்னொன்றில் குடியுரிமை இடிக்கும். எழுதி வருகிற விண்ணப்பங்களை நான் படிப்பதில்லை. ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் விட்டிருக்கிறதா, பக்கம் கூடுகிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அறிவியல் அவர்கள் பாடு, ஓரம் என் பாடு. இன்னொரு சட்டமும் உண்டு: கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் விண்ணப்பத்தைப் பூட்டிவிடுவேன். அதற்குப் பிறகு யாரும் ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது.

அடுத்த அறையில் இருந்த ஆய்வாளருக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் தீக்குச்சி. ஆள் அவ்வளவு ஒல்லி. கோபமும் அப்படித்தான், உரசினால் போதும். எதிர்த் தெரு மருத்துவமனையில் எடை குறைப்பு கிளினிக் ஒன்று இருக்கிறது. அங்கே பத்துப் பேர் சேர்ந்தால் ஆறு பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அந்த ஆறு பேரை எப்படித் திரும்ப வரவழைப்பது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வருடக் கடைசியில் அவளுக்கு வேலை முடிகிறது. முனைவர் பட்டம் வாங்கி எட்டு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு ஐந்து வருட ஃபெலோஷிப் இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவளுக்கு ஏழு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது.

“இது கிடைக்கலைன்னா அண்ணன் மருந்துக்கடையில போய் நிக்க வேண்டியதுதான் சார்,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விண்ணப்பம் முக்கால்வாசி முடிந்த நேரத்தில், பொடி எழுத்தில் இருந்த ஒரு விதி எங்கள் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டது. இரண்டு அர்த்தத்திலும்தான். ஆய்வின் சுருக்கத்தை எளிய நடையில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதை உடல் பருமன் உள்ள, ஆய்வாளர் அல்லாத ஒருவர் படித்து, கருத்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

தேடுவதுதான் என் தொழில், தேடினேன். நோயாளிகள் சங்கத்துக்குப் போன் செய்தேன். உடற்பயிற்சிக் கூடத்தில் விசாரித்தேன். தையல்காரரிடம்கூடக் கேட்டேன், அவருக்கு ஊரார் இடுப்பளவெல்லாம் தெரியும் என்று. யாரும் சிக்கவில்லை. தீக்குச்சியோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். விண்ணப்பத்தைப் பூட்ட வேண்டிய நாளும் வந்துவிட்டது. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி என் மனைவியிடம் போனில் புலம்பினேன்.

“குண்டா இருக்கணும், விவரமா இருக்கணும், ஆராய்ச்சிக்காரரா இருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆளு இந்த ஊர்லயே இல்ல.”

அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. “ஏங்க, நம்ம வீட்டுல ஒருத்தர் இருக்காரே. அவரைக் கேட்டுப் பாத்தீங்களா?”

நூற்றுப் பதினெட்டு கிலோ. எனக்குத் தோன்றவே இல்லை என்றால் நம்புவீர்களா? டப்பாவை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன்.

“ஏம்மா, என்கிட்டக் கேக்க வேண்டியதுதானே?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “எப்படி சார் கேக்கறது? நீங்க குண்டா இருக்கீங்க, ஒரு கையெழுத்துப் போடுங்கன்னா?”

“அப்படியேதான் கேக்கணும். கொண்டா.”

வேலையில் சேர்ந்த பிறகு முதல் முறையாக, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் இருந்ததைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். மூன்றாவது பத்தியில் ஒரு சொல் இருந்தது: ‘ஒத்துழைக்காதவர்கள்’. பாதியில் நின்றுபோனவர்களுக்குத்தான் அந்தப் பெயர். அவர்களுக்கு வாரம் இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினால் ஒத்துழைப்பார்கள் என்று திட்டம்.

“இந்த வார்த்தை எதுக்கும்மா?”

“அது துறைச் சொல் சார். கிளினிக் பதிவேட்டுல அப்படித்தான் இருக்கும். நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்.”

“அப்போ அந்தப் பதிவேட்டுல நானும் இருப்பேன்,” என்றேன். “ஆறு வருஷத்துக்கு முன்னாடி அஞ்சு வாரம் போனேன். மூணே முக்கால் கிலோ குறைஞ்சுது.”

“அப்புறம் ஏன் சார் நின்னீங்க?”

இதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. “உக்கார வெச்சாங்களே, அந்த நாற்காலிக்குக் கைப்பிடி இருந்துது. அஞ்சாவது வாரம் என் பேரைக் கூப்பிட்டாங்க. எழுந்தேன், நாற்காலியும் கூடவே எழுந்துடுச்சு. இருபது பேர் இருந்தாங்க. யாரும் சிரிக்கல. நர்சம்மா வந்து பிடிச்சு இழுத்துட்டு, பரவாயில்ல சார்னாங்க. அந்தப் பரவாயில்லதான் தாங்கல.”

“ரெண்டாயிரம் பேரோட பதிவு வெச்சிருக்கேன் சார். ஏன் நின்னீங்கன்னு ஒருத்தரைக்கூடக் கேக்கல,” என்றாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். “திட்டத்தையே மாத்தணும். நினைவூட்டல் எல்லாம் வேண்டாம். முதல்ல போன் பண்ணிக் கேக்கணும். ஆனா இன்னிக்குப் பூட்டிடுவீங்களே?”

மூன்று நாள் சட்டத்தை இயக்குநருக்காகக்கூட நான் தளர்த்தியதில்லை. “பூட்டு என்னோடதுதானே,” என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மாற்றி எழுதிக் கெடுத்துவிடுவோமோ என்று உள்ளுக்குள் உதறல்தான். மூன்று பகல்கள் அவள் எழுத எழுத நான் படித்தேன். ‘ஒத்துழைக்காதவர்கள்’ இருந்த இடத்திலெல்லாம் ‘வருவதை நிறுத்தியவர்கள்’ என்று மாற்றினோம். கடைசி நாள் மதியம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஓரம் சரியாக இருந்ததா என்று பார்க்க மறந்தே போய்விட்டேன்.

ஒன்பது வாரம் கழித்து, அவள் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்திருந்த ஒரு காலையில், பதில் வந்தது. என் அறை வாசலில் வந்து நின்றாள். அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“கிடைச்சிடுச்சு சார்.”

எனக்கு எத்தனையோ பேர் இப்படி வந்து சொல்லியிருக்கிறார்கள். சொந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டது அன்றுதான். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களைத் திரும்ப அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

ஆய்வு தொடங்கிய முதல் நாள் என் போன் அடித்தது. அடுத்த அறை எண். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் அவள் குரல் கேட்டது.

“வணக்கம் சார். நீங்க எங்க எடை குறைப்பு கிளினிக்குக்கு வந்துட்டிருந்தீங்க. ஏன் வர்றதை நிறுத்தினீங்கன்னு சொல்ல முடியுமா?”

விளையாட்டு இல்லை. பட்டியலில் நானும் ஒருவன், முறைப்படி கேட்டாகவேண்டும். அந்தக் கேள்விக்கு எழுத்துப்பிழை திருத்தியவனே நான்தான். இருந்தும் காதில் கேட்டபோது போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். நாற்காலிக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவளும் புதிதாகக் கேட்பவள் போல ‘ம்’ கொட்டி எழுதிக்கொண்டாள்.

“அடுத்த கேள்வி சார். திரும்ப வரணும்னு எப்பவாவது தோணுச்சா?”

இதை அவளிடமும் நான் சொன்னதில்லை.

“அடுத்த வாரமே வந்தேம்மா. வாசல் வரைக்கும் வந்து, கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பேனாவை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“அப்படி மூணு வாரம் வந்தேன்,” என்றேன். “அதையும் எழுதிக்கோ.”