தொண்ணூற்றெட்டு சதவீதத்தின் வீழ்ச்சி

1
ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை அக்காவின் தொலைபேசிப் புலம்பலிலிருந்து நான் சுட்டது. அவள் மருந்து ஆய்வுக்கூடத்தில் புள்ளியியலாளர். பச்சிளம் குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவர் குழுவிடம் சொல்லியாக வேண்டும். தவறினால் அந்த மருந்தையே கைவிட்டுவிடுவார்கள்.

முதல் வரி: 'இருண்ட அறையில் கணினி மட்டும்...' (பொய். அக்காவின் மேசை ஜன்னலோரம், கண் கூசும் வெளிச்சம்.)

2
கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். சரியான அளவைத் தேடிக் கணினி கண்ணைக் கட்டிக்கொண்டு மலையில் நடக்கிறது. உயரம் கூடினால் பொருத்தமும் கூடும். உயரம் அதிகம் குறையாத அடியை அது ஏற்கும்; வெகுவாகக் குறைந்தால் பெரும்பாலும் மறுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். எங்கே அதிக நேரம் நின்றதோ அங்கேதான் விடை.

அந்த அலுவலகத்தில் ஏற்பு விகிதத்தை, அதாவது நூறு அடியில் எத்தனையை ஏற்றது என்பதை, பலகையில் எழுதிவைப்பார்கள். அக்காவுடையது தொண்ணூற்றெட்டு. மேலாளருக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆனால் நாலு மூலையிலிருந்து கிளப்பிவிட்ட நாலு நடைகளும் பத்து நாளாகியும் கிளம்பிய இடத்தையே சுற்றின. நாலும் நாலு அளவைச் சொல்லின.

3
(மேலாளரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் நல்லவர், ஒத்துழைக்கவில்லை.)

புதன் காலை அக்கா அடியின் நீளத்தைப் பத்து மடங்காக்கினாள். ஏற்பு இருபத்தைந்துக்கு விழுந்தது.

"என்னம்மா இது? நாலுல மூணு ரிஜெக்டா? மானமே போகுது!"

"எறும்பு மாதிரி நகர்ந்தா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க சார். ஊர் போய்ச் சேரணும்ல?"

வியாழன் மாலை அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினாள்: "சார்! நாலும் ஒரே எடத்துக்கு வந்துடுச்சு!"

மேலாளர் ஓடிவந்து திரையைப் பார்த்தார். பிறகு பலகையிலிருந்த தொண்ணூற்றெட்டைத் தன் சட்டைக் கையாலேயே அழித்தார்.

4
முடிவு ஒன்று: வெள்ளிக்கிழமை மருத்துவர்கள் எழுந்து கைதட்ட... (தட்டவில்லை. தலைமை மருத்துவர் "திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடலாம்" என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும்?)

முடிவு இரண்டு: அக்கா என் மூன்று வரைவுகளையும் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏண்டா, ஒண்ணுக்கொண்ணு கமாவைத்தான் மாத்தியிருக்க. நீயும் தொண்ணூத்தெட்டா?"

மூன்றையும் கிழித்துப் போட்டேன். நீங்கள் படிப்பது நான்காவது.

அக்கா ஜெயித்துவிட்டாள்; நான் நிறுத்திக்கொள்கிறேன். திங்கள்கிழமை மருந்து ஏறிய பிறகு, ஒரு தாய் தன் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். அவள் என்ன சொல்வாள் என்பதை நீங்கள் எழுதுங்கள்.