மித்கோவின் பெயர்நாள்

…விட முடியாது, ஆட்டத்துக்கு முந்தின நாள் மொத்த அணியும் ஒரே விடுதியில் அடைந்து கிடக்க வேண்டும், இத்தாலியில் கோச் எத்தோரேயை அப்படித்தான் வளர்த்தார்கள், நாளை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், இது புரியாமல் கேப்டன் மித்கோ சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான், "கோச், இன்னைக்கு எனக்குப் பெயர்நாள். வீடு நிறைய ஆளு, நான் மட்டும் இங்க பீன்ஸ் சூப் குடிச்சிட்டிருக்கேன். எங்களை விடுங்க, காலைல வந்துடுறோம்." முடியாது என்று சொல்லியாயிற்று. பல்கேரியாவில் இன்று புனித திமீதரின் நாள், மித்கோ என்பதே திமீதரின் செல்லச் சுருக்கம்தான், அந்தப் பெயர் வைத்த எல்லார் வீட்டிலும் விருந்து, அதற்கு அவர் என்ன செய்ய முடியும்… ஆனால் கோல் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இதே அடைப்பை அவரும்தானே சபித்தார், விடுதி வராந்தாவில் போனுக்கு வரிசையில் நின்றால் மனைவி லொரெதானா, "பாப்பா தூங்கிட்டா, நாளைக்குப் பேசுங்க" என்பாள், மறுநாள் மைதானமே அவர் பெயரைக் கத்தும், வீட்டில் கதவைத் திறந்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள், பிறகு அவரை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டாள்.

சரி, அடைத்து வைத்து எதை ஜெயித்தோம்? கடைசி மூன்றும் தோல்விதான். பின்னே எதற்கு… மேசையில் ஒருவன் ரொட்டியைப் பிடுங்குகிறான், இன்னொருவன் அவன் மண்டையில் தட்டுகிறான், இந்தச் சத்தத்துக்காகவா? மற்ற நாளெல்லாம் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தின்கிற மனுஷன், கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும் என்பதற்காகவா இத்தனை பிள்ளைகளையும் பிடித்து வைத்திருக்கிறோம்? சீ, அவருக்கு வெட்கமாக இருந்தது, தனியாக இருக்கிறோம் என்பதைவிட அதை ஒழுங்கு என்று பெயர் சொல்லி மறைத்ததுதான் வெட்கம்.

"போங்கடா," என்றார். நாற்காலிகள் இழுபட்டன, நொடியில் கூடம் காலி, மித்கோ மட்டும் கோட்டை மாட்டியபடி நின்றான், அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை, "நாலு வருஷத்துல ஒரு நாளாவது என்னை உன் வீட்டுக்குக் கூப்பிட்டியாடா?"

மித்கோ விழித்தான். "பெயர்நாளுக்கு யாராவது கூப்பிடுவாங்களா கோச்? கூப்பிட்டா எங்களுக்குத்தான் அசிங்கம். கதவு தொறந்திருக்கும், வர்றவங்க வருவாங்க. என் பொண்டாட்டி வருஷா வருஷம் உங்களுக்கு ஒரு தட்டு வைக்கிறா. நீங்க பெரிய ஆளு, நம்ம வீட்டுக்கெல்லாம் வரமாட்டீங்கன்னு நெனச்சோம்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது, மித்கோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், எத்தோரே கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார், கூப்பிடவில்லையே என்று போகாமல் இருந்தது இந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தானா… கதவைத் திறந்துவிட்டு உள்ளே போன லொரெதானாவும் கூப்பிடவில்லைதான்.