டெல்பர்ட்டின் துப்பாக்கியும் வில்மாவின் கதவும்

டெல்பர்ட் ஓர்சாக்கின் கைத்துப்பாக்கி ஆப்ரிகாட் ஜாம் சட்டிக்குள் விழுந்த அன்று காலை நான் பணியில் இருந்தேன். அதாவது, வில்மா க்ரெனெக்கின் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். டெக்சஸில் எங்கள் ஸ்வெட்லோ ஊருக்கு நான்தான் துணை ஷெரிஃப், போலீஸ்காரன். அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தால் ஊரில் பாதிப் பேரைக் கண்காணித்த மாதிரி ஆகிவிடும். மீதிப் பாதி எப்படியும் வரிசையில் நிற்கும்.

வில்மா சுடுவது கொலாச்சி. நடுவில் குழி வைத்து, அதில் ஜாமை நிரப்பிச் சுடுகிற பன். டெல்பர்ட் அதைத் தின்னாமல் பொழுதைத் தொடங்கியதில்லை. மின்சார மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நின்று போகிறவர். இடுப்பில் அவருடைய தாத்தா காலத்து நீளமான துப்பாக்கி தொங்கும். அதை வெளியே தெரிய வைத்துக்கொண்டு நடக்க எங்கள் மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. எந்தப் பிரிவு என்று கேட்டால் நிற்காமல் ஒப்பிப்பார். கேட்காவிட்டாலும் ஒப்பிப்பார்.

ஒரே சிக்கல், இவரும் வில்மாவும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஊர் மண்டபத்தில் ஜோடியாக போல்கா நடனம் ஆடியவர்கள். ஒரு வருஷம் மாதா கோவில் திருவிழாவில் கொலாச்சிப் போட்டி வைத்தார்கள். டெல்பர்ட் நடுவர். முதல் பரிசைப் பக்கத்து ஊர்க்காரிக்குக் கொடுத்ததோடு நில்லாமல், மைக்கில், "வில்மாவோடது கொஞ்சம் வறண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டார். வில்மா அன்றோடு வாயை மூடியவர்தான். டெல்பர்ட் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். எது வேண்டும் என்று விரலால் காட்டுவார். வில்மா எடுத்து முன்னால் வைப்பார்.

அன்று அவர் விரும்பிய கொலாச்சி கல்லாவுக்கு அந்தப் பக்கம், கீழ்த்தட்டில் இருந்தது. "அந்தக் கீழ்த்தட்டு" என்று இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்தது. கௌரவம் விடவில்லை. கல்லா மேல் வயிற்றைச் சாய்த்து, கையை நீட்டி, கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பும் அளவுக்கு எட்டிக் காட்டினார். துப்பாக்கி உறையிலிருந்து வழுக்கி, அந்தப் பக்கம் ஆறிக்கொண்டிருந்த ஜாம் சட்டியில் தொபுக்கென்று விழுந்தது.

கடையே தரையில் படுத்தது. நானும் மேசைக்கு அடியில்தான் இருந்தேன், காபிக் கோப்பையோடு.

"உள்ள குண்டு போடல. யாரும் பயப்படாதீங்க" என்றார் டெல்பர்ட், கல்லா மேல் தொங்கிக்கொண்டே.

வில்மா இடுக்கியால் துப்பாக்கியை எடுத்தார். காகிதப் பையில் போட்டு, துடைக்க இரண்டு தாளும் சேர்த்து வைத்து, வழக்கம்போல ஒரு வார்த்தை பேசாமல் அவரிடம் நீட்டினார். எவ்வளவு துடைத்தும் அந்த வாரம் முழுக்க டெல்பர்ட்டின் இடுப்பில் எறும்பு ஊர்ந்தது.

மறுநாள் கடைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'தயவுசெய்து துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள்.' டெல்பர்ட் அதைப் படித்தார், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து எழுத்தை அளந்தார், உள்ளே வந்து நேராக என் மேசைக்கு வந்தார். வில்மா நாலடி தள்ளி மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"ஆர்லன் தம்பி, அந்தம்மா கிட்ட சொல்லு. இது செல்லாது. எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு அங்குல உயரம் இருக்கணும். இங்கிலீஷ்லயும் போடணும், ஸ்பானிஷ்லயும் போடணும். சட்டத்துல இருக்கிற வாசகம் அப்படியே இருக்கணும். 'தயவுசெய்து'ன்னு எல்லாம் சட்டத்துல கெடையாது."

"ஆர்லா," என்றார் வில்மா மாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "தயவுசெய்துன்னு போட்டது மத்தவங்களுக்கு, அவருக்கில்லன்னு அந்த மனுசன் கிட்ட சொல்லிடு."

"அவரு கேட்டுக்கிட்டுதானக்கா நிக்கறாரு."

"நிக்கட்டும். நீ சொல்லு."

சொன்னேன். டெல்பர்ட் தலையாட்டினார். "நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். முறையா பலகை வச்சா வாசப்படி மிதிக்க மாட்டேன். வெறும் காகிதத்துக்குக் கட்டுப்பட்டா நாளைக்கு எவன் எதை ஒட்டினாலும் கட்டுப்படணும். இதையும் சொல்லிடு தம்பி."

"கேட்டுச்சு" என்றார் வில்மா, என்னைப் பார்த்து.

வில்மா ஆர்டர் கொடுத்து, பெரிய ஊரிலிருந்து பலகை வந்தது. வில்மாவின் கதவு குறுகல். சட்டம் கேட்கிற வாசகமோ நீளம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அங்குலம், அதுவும் இரண்டு மொழியில். கதவுக் கண்ணாடி முழுக்க மறைந்து போயிற்று. கடையின் பெயர், திறந்திருக்கும் நேரம், பூப்போட்ட கொலாச்சிப் படம் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டன.

டெல்பர்ட் வெளியே நின்று முழுக்கப் படித்தார். "ஆங், இது பலகை" என்று திருப்தியோடு திரும்பிப் போனார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் இரண்டாவது காபி வாங்கினேன்.

மறுநாள் அவர் முழங்கால் வரை தொங்கும் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அது ஆகஸ்ட் மாதம். வெயிலில் வண்டிக் கூரை மேல் முட்டை பொரிக்கலாம்.

"அண்ணே, அந்தக் கோட்டுக்குள்ள என்ன?" என்றேன்.

"உன் கண்ணுக்கு ஏதாவது தெரியுதா?"

"தெரியல."

"அப்ப அந்தப் பலகை எனக்கில்ல. அது வெளிய தெரியிற துப்பாக்கிக்கு. மறைச்சு வச்சதுக்கு வேற பிரிவு, வேற பலகை."

செல்போனில் தேடிப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரிதான். அதற்குள் அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை கொலாச்சி மேல் சொட்டத் தொடங்கியிருந்தது. முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. வில்மா ஐஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தார். பேசத்தான் இல்லை.

இரண்டாவது பலகை ஜன்னலை அடைத்தது. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு வியாபாரம் நடந்தது. வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி, எழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஏதோ கோர்ட் உத்தரவு என்று பயந்து போய்விடுவார்கள். வில்மா திவாலாகிவிட்டார் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. ஒரு அம்மாள் துக்க வீட்டுக்குக் கொண்டுவருவது போல மூடி போட்ட பாத்திரத்தில் கோழி நூடுல்ஸ் கொண்டுவந்து, வில்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். வில்மா என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். நன்றாக இருந்ததாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் முற்றியது. எஸ்பெரான்சா ட்ரெவின்யோ மாதா கோவில் பூசை முடிந்ததும் தன் மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்தி என்று ஒரு படையோடு வருவார். இரண்டு தட்டு கொலாச்சி காலியாகும். அன்று படை வாசலில் நின்றது. எஸ்பெரான்சா கதவைப் படித்தார். ஜன்னலைப் படித்தார். சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினார். நான் வெளியே ஓடினேன்.

"ஏம்மா, உள்ள வரலியா?"

"வரக்கூடாதுன்னு எழுதி வச்சிட்டு, வரலியான்னு கேக்கறீங்க."

"அது துப்பாக்கிக்காரங்களுக்கும்மா. உங்க கிட்ட துப்பாக்கியா இருக்கு?"

"துப்பாக்கி இல்ல. ஆன்மா இருக்கு." பலகையின் ஸ்பானிஷ் பக்கத்தைக் கைவிசிறியால் தட்டினார். "ஆர்மான்னா ஆயுதம். இதுல ஆல்மான்னு போட்டிருக்கு. ஆல்மான்னா ஆன்மா. ஆன்மாவை வெளிய தெரியிற மாதிரி கொண்டு வரக்கூடாதுன்னு கதவுல இருக்கு. சரி, மறைச்சுக்கிட்டாவது போலாம்னு பார்த்தா, மறைச்சும் கொண்டு வரக்கூடாதுன்னு ஜன்னல்ல இருக்கு. நான் எங்க கழட்டி வச்சுட்டு வர? கார்லயா?"

"எழுத்துப் பிழைம்மா."

"பிழையோ சரியோ, இப்பத்தான் கோவில்ல நற்கருணை வாங்கி ஆன்மாவைச் சுத்தம் பண்ணிட்டு வர்றோம். இன்னிக்குன்னு பார்த்து ரிஸ்க் எடுக்க முடியாது." படை கிளம்பியது. கடைசி மருமகன் மட்டும் ஆசையோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இது டெல்பர்ட் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலை கதவு திறந்தது. கோட்டு இல்லை. துப்பாக்கி இடுப்பில் பளபளத்தது. முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"வாசகம் பிசகிடுச்சு தம்பி. ரெண்டு பலகையும் செல்லாது. அந்தம்மா கிட்ட சொல்லிடு." கல்லாவுக்குப் போய் விரலை நீட்டினார்.

வில்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். மாவுக் கையை சமையல் ஏப்ரனில் துடைத்தார். நான் மேசைக்கு அடியில் போகலாமா என்று யோசித்தேன்.

"டெல்பர்ட்" என்றார்.

கடையில் மெல்லுகிற சத்தம் கூட நின்றுபோனது. அந்தப் பெயரை அந்த வாய் சொல்லி நாங்கள் கேட்டு எத்தனை காலம்.

"அந்த இரும்பைத் தூக்கிக்கிட்டு என் கடைய விட்டு வெளிய போ. அத வச்சுக்கிட்டு இனிமே உள்ள வராத."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "சரி வில்மா" என்றார். அப்படியே திரும்பி வெளியே நடந்தார். வண்டிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. இடுப்பில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்து கல்லா முன் நின்றார்.

எனக்கே தாங்கவில்லை. "என்னண்ணே, அவ்வளவுதானா?"

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு. கடைக்காரங்க நேருக்கு நேரா வாயால சொல்லிட்டா போதும். பலகையே வேண்டாம்."

வில்மா கல்லாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீதான் என்கூடப் பேசறதில்லையே."

"ஆர்லன் கிட்ட சொல்லி விட்டிருக்கலாம்ல?"

"அவன் மூலமா சொன்னா, நீயும் அவன் மூலமாத்தான் பதில் சொல்லுவ. அது நேர்ல சொன்னதா ஆகுமா ஆகாதான்னு எனக்கு ஒரு சந்தேகம்."

வில்மா தட்டை மறுபடி கையில் எடுத்தார். "அன்னிக்கு நெஜமாவே வறண்டா இருந்துச்சு?"

நான் டெல்பர்ட்டைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். அவர் கவனிக்கவில்லை.

"ஆமா வில்மா. வறண்டுதான் இருந்துச்சு."

"அடுப்புல சூடு கூடிப்போச்சு" என்றார் வில்மா, மெல்ல. "எனக்கும் தெரியும். அதுக்காக மைக்லயா சொல்லுவ?"

"மைக் அணைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

வில்மா ஒரு கொலாச்சியைத் தட்டில் வைத்து நீட்டினார். டெல்பர்ட் இரண்டு கையாலும் வாங்கினார். துப்பாக்கியைக் கழற்றும்போது இடுப்பு வாரையும் சேர்த்துக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார் மனிதர். கால்சட்டையை அதுவரை தாங்கிக்கொண்டிருந்தது அந்த வார்தான். அது நிதானமாக, யாருக்கும் அவசரம் இல்லாதது போல, கணுக்கால் வரை இறங்கியது. உள்ளே நீலத்தில் குட்டிக் குட்டி வாத்துப் படம் போட்ட அரைக்கால்சட்டை.

பொது இடத்தில் இது எந்தப் பிரிவில் வரும் என்று எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

"தட்டக் கீழ போட்டுடாத" என்றபடி வில்மா கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். தன் ஏப்ரனிலிருந்து நாடாவை உருவி, கால்சட்டையை மேலே இழுத்து, அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டார். முடிச்சுக்குத் தேவையானதைவிட அதிக நேரம் எடுத்தது. டெல்பர்ட் அசையாமல் நின்று கொலாச்சியைக் கடித்தார்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?" என்றார் வில்மா, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

டெல்பர்ட் பொறுமையாக மென்று விழுங்கினார். "ஒண்ண வச்சு எப்படிச் சொல்றது? இன்னொண்ணு குடு."