தெருமுனையிலேயே கேட்கும் கார்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வலது கையின் மேல் ஆணை. (நான் எழுதுவது இடது கையால்.) கதை கிடைத்தது முடிவெட்டும் கடையில். பக்கத்து நாற்காலியில் இருந்த சர்வேயர், முகமெல்லாம் நுரையோடு சொன்னார். பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நானே நிரப்பினேன்; அதுவும் உண்மைதான்.

2

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் சர்வேயரின் டீசல் கார்..."

வேண்டாம். மழை பெய்தால் அந்த வண்டி கிளம்பாது. கதையும் அங்கேயே நின்றுவிடும்.

சர்வேயரின் காருக்கு இருபத்திரண்டு வயது. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு ஜன்னல்கள் கிடுகிடுக்கும். அதன் புகையில் தபால்காரர் இரண்டு முறை காணாமல் போயிருக்கிறார். (ஒரு முறைதான். அடுத்த முறை அவர் விடுப்பில் இருந்தார்.)

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"பம்ப் போச்சு சார், இன்ஜெக்டரும் போச்சு. இன்ஜினை இறக்கிப் பிரிச்சா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். இல்லைன்னா புதுசு வாங்கிடுங்க."

"எதைப் பண்ணட்டும்?"

"அதை வீட்ல கேளுங்க. நான் வண்டியைத்தான் பார்ப்பேன்."

வீட்டில் பத்து வருடமாக ஒரே பதில்: "அந்தத் தகர டப்பாவை என்னைக்குத் தலைமுழுகப் போறீங்க?"

3

ஷோரூமில் ஒரு புதுக் காரை ஒருநாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். பூனை மாதிரி வந்து வீட்டு வாசலில் நின்றது. உள்ளே ஒரே சிரிப்பு.

[இங்கே ஒரு கள்ளக்காதலனை வைக்கலாமா என்று யோசித்தேன். சர்வேயரின் மனைவி என்னைத் தெருவில் பார்த்தால் என்ன செய்வார் என்றும் யோசித்தேன். எடுத்துவிட்டேன்.]

கூடத்தில் மனைவி, சர்வேயரின் சட்டையை மாட்டிக்கொண்டு, அவருடைய கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, நாடாவால் நாற்காலியை அளந்துகொண்டிருந்தார்.

"நேத்து இருந்த இடத்துலேர்ந்து ரெண்டு அங்குலம் நகர்ந்திருக்கு. யாரு வேலை இது?"

மகள் தரையில் புரண்டாள். "அம்மா, போதும்மா! வயிறு வலிக்குது!"

"இருடி, இன்னும் தலையணையை அளக்கல."

அப்போதுதான் அவரைப் பார்த்தார்கள். சிரிப்பு பட்டென்று நின்றது.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலையே!"

சர்வேயருக்குப் புரிந்தது. வண்டி தெருமுனை திரும்பும், சட்டை கொடிக்குப் போய்விடும், வீடு ஒழுங்காகிவிடும். இத்தனை வருடமாக இந்த வீடு தினமும் இப்படிச் சிரித்திருக்கிறது. அவர் கேட்டது இன்றுதான்.

மறுநாள் காலையில் மனைவியே பேச்சை எடுத்தார். "பழசையே ரிப்பேர் பண்ணிடுங்களேன். பாவம், நல்ல வண்டி."

4

ரிப்பேர் செய்தால் வீடு சிரிக்கும், அவருக்குக் கேட்காது. புதிது வாங்கினால் அவருக்குக் கேட்கும், ஆனால் யாரும் சிரிக்கமாட்டார்கள். மனுஷர் நுரை காய்ந்துபோகும்வரை இதையே சொன்னார்.

முடிவு ஒன்று: ரிப்பேர் செய்கிறார். தினமும் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலடியில் நிற்கிறார்.

முடிவு இரண்டு: புதிது வாங்கி, தெருமுனையிலேயே ஹாரனை அடித்து...

முடிவு மூன்று: "நாடாவை அப்படியா பிடிப்பாங்க? இங்கே கொடு" என்று வாங்கி, தன்னைப் போலவே நடித்துக் காட்டுகிறார். மகள் மறுபடியும் தரையில். (எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

மெக்கானிக் ஸ்பேனரோடு காத்திருக்கிறார். எதைச் செய்வது என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் சர்வேயரின் மனைவி மட்டும்தான். அப்படியானால் இத்தனை நாள் வண்டியை ஓட்டியது யார் என்று கேட்காதீர்கள்; அந்தப் பாதி என் காதில் விழவில்லை.