வலி போன மத்தியானம்

சலூன்காரருக்கு வலித்தது இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில். டாக்டரோ ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கோளாறு கழுத்தில் என்றார். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம்.

"யாரையும் கழுத்தைத் திருப்ப விடாதீங்க. கை மரத்துப்போனா உடனே ஓடி வாங்க."

வலிக்கிற இடத்தில் ஒன்றுமில்லையாம், வலிக்காத கழுத்தில் கோளாறாம்! மனுஷருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இடது பக்கம் என்றதும் மனைவி நெஞ்சுவலிதான் என்று அழுது தீர்த்தாள். எதிர்க்கடைத் தையல்காரர் தலையணையைத் தூக்கி எறியச் சொன்னார். அவர் சம்சாரம் இரண்டாக வைக்கச் சொன்னாள். ஒத்தடம் வெந்நீரிலா ஐஸிலா என்று வாடிக்கையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இவரும் எல்லாவற்றையும் செய்து பார்த்தார். வலியோ காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி அசையவே இல்லை.

அவருடைய பயமெல்லாம் இடது கையைப் பற்றித்தான். சவரத்தில் கன்னத்தை இழுத்துப் பிடிக்கும் கை அது. அது இல்லாமல் வலது கையில் கத்தி இருந்தும் பிரயோஜனமில்லை. பிழைப்பே அதோடு போய்விடும்.

சவரம் முடிந்ததும் தாடையைப் பிடித்து மடக்கென்று கழுத்தைத் திருப்பிவிடுவது அந்தக் கடையின் பழக்கம். வந்தவர்கள் எல்லாரும் சுகமாக எழுந்து போகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் கூடாது? குழம்பிக் குழம்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த மைத்துனனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரே ஒரு சொடக்கு."

"வேணாம் மாமா. டாக்டர் அவ்வளவு சொன்னாரே?"

"அவரு என்னத்தக் கண்டாரு? நம்ம தொழில் நமக்குத் தெரியாதா? திருப்புடா."

மடக். கண்ணில் பூச்சி பறந்தது. கொஞ்ச நேரத்தில் வலி போயே போய்விட்டது. சலூன்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"படத்தைக் காட்டிப் பூச்சாண்டி காட்டிட்டாருடா அந்த ஆளு!"

அந்த உற்சாகத்தோடு, காத்திருந்த மளிகைக்கடைக்காரரை உட்காரவைத்து நுரை தடவினார். பாதிச் சவரத்தில் வெள்ளை நுரை சிவந்தது.

"ஐயோ, கீறிட்டேனா அண்ணே?"

"இல்லையே, எனக்கு ஒண்ணும் தெரியலையே."

துடைத்தார். கன்னம் சுத்தமாக இருந்தது. அடுத்த நிமிஷமே மறுபடி ரத்தம். காதடியில் பார்த்தார், தாடைக்குக் கீழே பார்த்தார். ஒரு கீறல் இல்லை. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்துதான் வருகிறது இந்த ரத்தம்?

மைத்துனன் வந்து சலூன்காரருடைய இடது கையைத் தூக்கிப் பிடித்தான். கட்டைவிரலில் ஆழமான வெட்டு. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

"மாமா... வலிக்கலையா?"

அது யாருடைய விரலோ போல இருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வலது கையால் அந்த வெட்டின் மேல் அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுத்தினார்.

"வலிச்சுத் தொலையேன்," என்று விரலிடம் கெஞ்சினார். "கொஞ்சமாவது வலிச்சுத் தொலையேன்."